மாதிரி எடுத்ததே செய்தியாகிவிட்டது. நிருபர் அழைக்கிறார், என்ன பேச வேண்டும்?

காங்கேயம் செக்கு:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நானும் என் மனைவியும் தேங்காய், நிலக்கடலை, எள் ஆகியவற்றை மரச்செக்கில் ஆட்டி விற்கும் சிறு தொழில் நடத்தி வருகிறோம். சென்ற வாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் எங்கள் வட்டாரத்தில் பல ஆலைகளிலும் கடைகளிலும் எண்ணெய் மாதிரி எடுத்தார்கள். எங்களிடமும் தேங்காய் எண்ணெய் எடுத்துச் சென்றார்கள். ஆய்வறிக்கை இன்னும் வரவில்லை.

அதற்குள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், காங்கேயம் பகுதியில் கலப்பட எண்ணெய் விற்பனை, அதிகாரிகள் அதிரடி என்ற பொருளில் தலைப்பிட்டுச் செய்தி வந்துவிட்டது. செய்தியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆனால் உடன் வெளியான படத்தில் எங்கள் கடைப் பலகையின் பாதி தெளிவாகத் தெரிகிறது. காலையிலிருந்து வாடிக்கையாளர்கள் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் எங்களுக்கே அனுப்பி விசாரிக்கிறார்கள். இப்போது வேறொரு நாளிதழின் நிருபர் அழைத்து, நாளைய செய்திக்கு எங்கள் கருத்து வேண்டும் என்கிறார். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பேசினால் வார்த்தையைத் திரித்துவிடுவார்கள், போனையே எடுக்காதே என்கிறார் என் மைத்துனர். முதலில் எழுதிய நாளிதழுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார் நண்பர் ஒருவர். இதற்கிடையில் உள்ளூர் சேனல் ஒன்றிலிருந்து, ஒரு தொகை கொடுத்தால் எங்கள் செக்கைப் பற்றி நல்லவிதமாக ஐந்து நிமிடச் செய்தித் தொகுப்பு போடுவதாகச் சொல்கிறார்கள். பத்திரிகையாளர்களோடு எங்களுக்கு இதுவரை பழக்கமே இல்லை. இந்த மூன்றில் எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முன்னாள் துணை ஆசிரியர்:

நாளிதழ் ஒன்றின் கோவைப் பதிப்பில் பல ஆண்டுகள் செய்திப் பிரிவில் இருந்தவன் நான். உங்கள் மைத்துனரின் அச்சம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். இன்றே, முடிந்தால் இந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த நிருபரைத் திரும்ப அழையுங்கள். மாவட்டப் பக்கங்களை முதல் பக்கத்துக்கு வெகு முன்பாகவே முடித்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் இரவு எட்டு மணிக்கு நிதானமாக யோசித்துச் சொல்லும் பதில், எவ்வளவு நல்ல பதிலாக இருந்தாலும், அச்சுக்குப் போய்விட்ட பக்கத்தில் ஏறாது. அந்த இடத்தில் "ஆலை உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்றும் அவர் பேச முன்வரவில்லை" என்ற வரிதான் இருக்கும். வாசகர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

செய்தி எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் சரியான இடத்துக்குப் போகும். வட்டார அளவில் எழுதுபவர்களில் பலர் பகுதிநேர நிருபர்கள். காவல் நிலையம், கோயில் திருவிழா, ஒன்றிய அலுவலகக் கூட்டம், விபத்து எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும். அவர் எண்ணெய் வேதியியல் படித்தவர் அல்ல. அலுவலர் சொன்னதை எழுதி, செல்போனில் எடுத்த படத்தோடு அனுப்புகிறார். தலைப்பு வைப்பதும், எந்தப் படம் போவது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற துணை ஆசிரியர்கள்தான். ஆகவே தலைப்புக்காக உள்ளூர் நிருபரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. அவர் வைக்காத தலைப்புக்கு அவரைத் திட்டினால், நாளைக்கு உங்களுக்கு உதவக்கூடிய ஒருவரை இழக்கிறீர்கள்.

இப்போது அழைத்திருக்கும் நிருபரிடம், எடுத்தவுடன் பதில் சொல்லத் தொடங்காதீர்கள். செய்தி எதைப் பற்றியது, வேறு யார் யாரிடம் பேசியிருக்கிறார், எத்தனை மணிக்குள் அவருக்கு வேண்டும் என்று கேளுங்கள். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல நிருபரும் தவறாக எண்ண மாட்டார். பிறகு அரை மணி நேரம் கேட்டு, மூன்று நான்கு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். சொன்னதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். நிறுவனத்தின் பெயர், தேதி, எண்கள் ஆகியவை பிழையில்லாமல் போவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை; திரித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் அதுவே மருந்து. செய்தி முழுவதையும் அச்சுக்கு முன் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள், காட்ட மாட்டார்கள். நான் சொன்ன வரிகளை மட்டும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம்.

"இதை எழுத வேண்டாம், உங்களுக்காக மட்டும் சொல்கிறேன்" என்ற பேச்சே உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஒப்பந்தம் சொல்வதற்கு முன் இருவரும் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். சொல்லி முடித்த பிறகு கேட்டால் நிருபர் கட்டுப்பட வேண்டியதில்லை. பக்கத்து ஆலையில் என்ன நடக்கிறது என்ற பேச்சும் வேண்டாம். நாளை அதுவே உங்கள் வாயால் வந்த குற்றச்சாட்டாக அச்சில் நிற்கும்.

கடினமான கேள்விக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். காங்கேயம் என்றால் எந்த நிருபரும் கேட்கக்கூடியவை இரண்டு: கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிறீர்களா? பாமாயில் கலக்கிறீர்களா? பூஞ்சை பிடிக்காமலும் வெளுப்பாகவும் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகம் போடும் வழக்கம் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். உங்களிடம் அது இல்லையென்றால் எப்படிக் காய வைக்கிறீர்கள் என்பதை நேரில் காட்ட முடிய வேண்டும். களத்தையும் செக்கையும் வந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழையுங்கள்.

முதலில் எழுதிய நாளிதழின் செய்தி ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் போகட்டும். அதில் ஒரே ஒரு உண்மையை மட்டும் சொல்லுங்கள்: அறிக்கை வராத நிலையில், கலப்படம் என்ற தலைப்போடு வந்த படத்தில் எங்கள் பலகை தெரிகிறது. பத்திரிகை நறுக்கை இணையுங்கள். இணையப் பதிப்பில் படத்தை மாற்றவும், அச்சில் ஒரு விளக்கம் வெளியிடவும், கோப்பிலுள்ள அந்தப் படத்தை மறுபடி பயன்படுத்தாமல் இருக்கவும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் சேலத்தில் எண்ணெய் பிடிபட்டாலும், அவசரத்தில் இருக்கும் துணை ஆசிரியர் கோப்பிலிருந்து உங்கள் கடைப் படத்தையே எடுத்துப் போட்டுவிடக் கூடும்.

ஈரோடு மசாலா:

மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி வியாபாரத்தில் இருப்பவள் நான். ஐயா சொன்னது இன்றைய நெருப்பை அணைக்கும் வழி. நான் அதற்கு அடுத்ததைச் சொல்கிறேன், தம்பி.

பணம் கொடுத்துச் செய்தித் தொகுப்பு போடும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விளம்பரம் வேண்டுமென்றால் விளம்பரமாகவே கொடுங்கள்: விளம்பரப் பிரிவுக்குப் பணம் கட்டி, ஜிஎஸ்டி பில் வாங்கி, திரையில் விளம்பரம் என்று தெரியும்படி வரட்டும். செய்தி போல வேடமிட்டு வருவதை அச்சு ஊடகத்துக்கான பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகள் கண்டிக்கின்றன. 2009 தேர்தலுக்குப் பிறகு காசு வாங்கிப் போடும் செய்திகளைப் பற்றி 2010-ல் அது தனி அறிக்கையே தந்தது. நெறிமுறையை விடுங்கள், வியாபாரக் கணக்குப்படியே அது நஷ்டம். மாதிரி எடுத்த வாரத்தில் திடீரென்று உங்களைப் புகழ்ந்து ஐந்து நிமிடம் ஓடினால், ஊரில் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். உங்கள் பெயரை உண்மையாகவே விசாரித்து எழுத வந்த நிருபரும் உங்களைக் காசு கொடுத்துச் செய்தி வாங்குபவராகப் பார்ப்பார். ஒருமுறை கொடுத்தவர் எண் பலருடைய செல்போனிலும் ஏறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நிருபர் என்று சொல்லிக்கொண்டு, செய்தி போடாமல் இருக்கப் பணம் கேட்பவர்களும் இந்தப் பக்கம் உண்டு. அப்படி யாராவது வந்தால், அவர் சொல்லும் நாளிதழின் மாவட்ட அலுவலகத்துக்கு அவர் எதிரிலேயே போன் செய்து விசாரியுங்கள். மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

உண்மையான நிருபர்களோடு பழக்கம் எப்படி ஏற்படுகிறது தெரியுமா? நமக்குத் தேவை இல்லாத நாட்களில் அவர்களுக்கு உதவும்போதுதான். 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனதே, அந்தப் பருவத்துக்கு அரசு அறிவித்திருந்த அரவைக் கொப்பரை ஆதரவு விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) 11,582 ரூபாய்தான். அந்த நேரத்தில் விலை ஏன் ஏறுகிறது, பெருந்துறை ஏலத்தில் என்ன நடக்கிறது, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ கொப்பரை போகிறது என்று விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவரைத்தான் நிருபர்கள் தேடினார்கள். விலை ஏறும்போதுதான் மலிவு எண்ணெய் கலக்கும் ஆசையும் ஏறும், சோதனைகளும் கூடும் என்பதைத் தொழிலுக்குள் இருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லலாம். தன் பெயரே வராவிட்டாலும் சரியான எண்ணைச் சொல்லும் ஆள் என்று ஒரு நிருபர் உங்களைக் குறித்துக்கொண்டால், நாளை உங்களைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தாலும் எழுதுவதற்கு முன் அவரே அழைத்துக் கேட்பார். எனக்கு மஞ்சள் விலைச் செய்திகளின் மூலம் அப்படி ஏற்பட்ட பழக்கம் இன்றும் இருக்கிறது. தீபாவளிப் பரிசுப் பெட்டியோ, பிரஸ் மீட்டில் கொடுக்கும் கவரோ இதற்குத் தேவைப்பட்டதே இல்லை.

வழக்கறிஞர், திருப்பூர்:

நோட்டீஸ் பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன். இப்போது வேண்டாம். அவதூறுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இருக்கிறது. ஆனால் பெயர் குறிப்பிடாத செய்தியில் அதை நிறுவுவது நீண்ட வேலை. அதைவிட முக்கியமாக, நோட்டீஸ் போன மறுகணமே விஷயம் செய்தி ஆசிரியரின் மேசையிலிருந்து நாளிதழின் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். ஒரு போன் பேச்சில் கிடைத்திருக்கக்கூடிய விளக்கத்தை, வழக்குக்குப் பாதகமாகும் என்று அவர்கள் தர மறுப்பார்கள். முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பிரஸ் கவுன்சிலில் முறையிடலாம். நாளிதழைப் பொறுத்தவரை செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் முறையிட வேண்டும், ஆசிரியருக்கு முன்பே எழுதியிருக்கவும் வேண்டும். அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இல்லை, எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது.

நிருபரிடம் பேசும் முன் உங்கள் நிலை என்ன என்பதை நீங்களே சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எடுத்த மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கும் அனுப்புவார்கள்; நான்காவதை, நீங்கள் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாதிரி எடுத்ததற்கு அத்தாட்சியாக உங்களிடம் படிவம் 5ஏ கொடுத்திருப்பார்கள்; அதன் நகலை நிருபருக்குக் காட்டலாம். மாதிரிதான் எடுத்தார்கள், முடிவு எதுவும் வரவில்லை என்பதற்கு அதுவே அதிகாரப்பூர்வமான தாள்.

நீங்களே தனியாகச் செய்துவைத்திருக்கும் பழைய ஆய்வறிக்கையைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கவனமாக இருங்கள். அது வேறொரு நாளில் ஆட்டிய எண்ணெயைப் பற்றியது. அதைக் காட்டி எங்கள் எண்ணெய் தேறிவிட்டது என்று சொன்னால், நாளை அரசு ஆய்வகத்தின் முடிவு வேறாக இருக்கும்போது பொய் சொன்னவராகிவிடுவீர்கள்.

மேகி விவகாரத்தை நினைவுபடுத்துகிறேன். மேகி நூடுல்ஸில் அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகச் சொன்ன உத்தரப் பிரதேசத்து ஆய்வு முடிவு 2015 மே மாதம் நாடெங்கும் செய்தியானது. அதைத் தயாரிக்கும் நெஸ்லேயின் உலகத் தலைமை நிர்வாகி டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தது ஜூன் 5 அன்று. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதற்குள் தடை விதித்திருந்தன. அதே நாளில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை, ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று கூறி அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கில் நிறுவனம் வென்றது. ஆனால் சரக்கு கடைக்குத் திரும்பி வந்தது நவம்பரில்தான். அதற்குள் பல்லாயிரம் டன் நூடுல்ஸை அழிக்க வேண்டியிருந்தது. சட்டப்படி சரியாக இருப்பதும், மக்கள் கேள்வி கேட்கும் நாளில் பதிலோடு நிற்பதும் வெவ்வேறு வேலைகள்; என் கட்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் நான் மிகவும் சிரமப்படுகிறேன்.

காங்கேயம் செக்கு:

ஐயா, அக்கா, வழக்கறிஞர் ஐயா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிருபரை அழைத்துப் பேசினேன். ஆறு மணிக்குள் வேண்டும் என்றார். சேனல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அனுப்புவதற்காக இதை எழுதி வைத்திருக்கிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்:

"எங்கள் நிறுவனம் பாரம்பரிய முறையில், 100 சதவீதம் தூய்மையான, உடலுக்கு ஆரோக்கியமான எண்ணெயை மட்டுமே வழங்கி வருகிறது. எங்கள் வளர்ச்சியைப் பொறுக்காத சிலர் பரப்பும் வதந்திகளைப் பொதுமக்கள் நம்ப வேண்டாம். நாங்கள் ஒருபோதும் கலப்படம் செய்ததில்லை."

முன்னாள் துணை ஆசிரியர்:

நல்ல வேளை, அனுப்பும் முன் காட்டினீர்கள். முதல் வாக்கியம் விளம்பரம். துணை ஆசிரியர் அதை வெட்டிவிடுவார். வெட்டாமல் விட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அறிக்கை வரும் நாளில் 100 சதவீதம் என்ற சொல்லைத்தான் எடுத்துக் கேட்பார்கள். மேகியிலும் ஈயத்தோடு சேர்ந்து, சேர்க்கப்பட்ட எம்எஸ்ஜி (சுவையூட்டி) இல்லை என்று உறையில் அச்சிட்டிருந்த வாசகமே நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பியது. இரண்டாவது வாக்கியத்துக்கு நிருபரின் அடுத்த கேள்வி, யார் அந்தச் சிலர் என்பதாக இருக்கும். உங்களிடம் பதில் இல்லை. மூன்றாவதில் கலப்படம் என்ற சொல்லை நீங்களே சொல்கிறீர்கள். "கலப்படம் செய்யவில்லை: செக்கு உரிமையாளர் மறுப்பு" என்று நானே தலைப்பு வைத்திருப்பேன். அந்தச் சொல் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டாம்.

இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சென்ற வாரம் எங்கள் கடையில் தேங்காய் எண்ணெய் மாதிரி எடுத்தார்கள். ஆய்வறிக்கை இன்னும் வரவில்லை. வந்ததும் முடிவைத் தெரிவிப்போம். கொப்பரையை எங்கள் களத்திலேயே வெயிலில் காய வைத்து ஆட்டுகிறோம். கொப்பரை வாங்கிய ரசீதுகளும், எந்த நாளில் எவ்வளவு ஆட்டினோம் என்ற பதிவேடும் கடையில் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்."

மாதிரி எடுத்த தேதியைப் படிவத்தில் உள்ளபடி சேர்த்துவிடுங்கள். பதிவேடு உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், நாளைக் காலையிலேயே யாராவது கேட்டு வந்து நிற்பார்கள்.

வழக்கறிஞர், திருப்பூர்:

திருத்திய வாசகம் சரியாக இருக்கிறது. ஒரு சேர்க்கை மட்டும். முடிவைத் தெரிவிப்போம் என்று சொல்லிவிட்டால், முடிவு எதுவானாலும் தெரிவிக்க வேண்டும். பாதகமாக வந்தால் எந்த வகையில் பாதகம் என்று பார்த்துச் சொல்லுங்கள். லேபிளில் விவரம் குறைவது, தரக்குறைவு, பாதுகாப்பற்றது ஆகிய மூன்றையும் சட்டம் தனித்தனியாக வைத்திருக்கிறது. செய்தியில் மூன்றும் கலப்படம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உறையில் தேதி விடுபட்டதற்கும் எண்ணெயில் வேறொன்று கலந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நிருபருக்கு அறிக்கையின் வரியைக் காட்டி விளக்க வேண்டியவர் நீங்கள்தான். மேல்முறையீடு செய்வதாக இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஈரோடு மசாலா:

அறிக்கை நல்லபடியாக வந்தாலும் அந்த நிருபரை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள், தம்பி. தேறிவிட்டது என்பதைச் செய்தியாகப் போட அவர்களுக்கு இடம் கிடைக்காமல் போகலாம், அதற்காக வருத்தப்பட வேண்டாம். செக்கையும் களத்தையும் படத்தோடு எழுத விருப்பமா என்று அப்போது கேளுங்கள். இணைப்பிதழ்களில் அப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது, அதற்குக் காசும் கேட்க மாட்டார்கள்.